மஞ்சள் இலையில் இருந்தது அந்துப்பூச்சி அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மாதம் முதல் வியாழக்கிழமை தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் மஞ்சள் பயிர்ப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வந்தது. நடுவில், நாலு பத்தி அகலத்துக்கு வண்ணப் படம். மஞ்சள் இலையின்மேல் கரும்பழுப்பு நிறப் பூச்சி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பின் இறக்கையில் வெள்ளையாக ஒரு பெரிய திட்டு. அடியில் "மஞ்சளைத் தாக்கும் தண்டுத் துளைப்பான் அந்துப்பூச்சி" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள்.

படம் நல்ல படம். எடுத்தவர் யாரோ, கை நடுங்காதவர். கட்டுரையிலும் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஒற்றை வரியில்தான் இரண்டு பிழை. படத்தில் இருப்பது தண்டுத் துளைப்பான் அல்ல, அந்துப்பூச்சியே அல்ல. அது வண்ணத்துப்பூச்சி. ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்று அழைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. தத்தித் தாவிப் பறப்பதால் வந்த பெயர். நான் அவற்றைத் தாவி என்றே எழுதப் போகிறேன். தங்கள் படத்தில் இருந்த தாவியின் ஆங்கிலப் பெயர் கிராஸ் டெமன்; அறிவியல் பெயர் உடாஸ்பெஸ் ஃபோலஸ்.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். பூச்சியியல் படித்தவன் அல்லன். முப்பத்து நான்கு வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் பவானி. அப்பா ஜமக்காளம் நெய்தார். அம்மா வழியில் வந்த முக்கால் ஏக்கர் காளிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் இருக்கிறது. அதில் வருடம் தவறாமல் மஞ்சள். விலை இல்லாத வருடத்திலும் மஞ்சள்தான், வேறு வைக்க எனக்குத் தெரியாது. இந்தத் தாவியைப் பத்துப் பன்னிரண்டு வருடமாக வரைந்துகொண்டிருக்கிறேன். ஒரு பொருளை வரைய வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் அதை நாம் எவ்வளவு பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று தெரியும். பிள்ளைகளிடம் இதை வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அப்போதும் தென்னை மரத்தையும் இரண்டு மலைக்கு நடுவே சூரியனையும்தான் வரைந்தார்கள்.

வரி ஒன்று தவறானால் என்ன குடி முழுகிவிட்டது என்று விட்டிருப்பேன். விட முடியாதபடி ஒன்று நடந்தது. எங்கள் வரப்பை ஒட்டிய தோட்டக்காரர் மறுநாள் காலை பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என்னைவிட இருபது வயது இளையவர், உழைப்பாளி. என் வீட்டுத் திண்ணைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "வாத்தியாரே, இந்தப் பூச்சிதானே இது? மஞ்சளைக் குடைகிற பூச்சியையா சாமி படம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்றார். "தம்பி, பேப்பரில் தவறாகப் போட்டிருக்கிறார்கள். இது குடையாது, இலையை மட்டும்தான் சுருட்டும்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார். அச்சில் வந்ததற்கும் திண்ணையில் சொன்னதற்கும் போட்டி வந்தால் யார் ஜெயிப்பார் என்று தங்களுக்குத் தெரியும். அன்று மாலையே மருந்து வாங்கி வந்து, சுருண்ட இலை இருந்த பாத்தியை எல்லாம் தேடித் தேடி அடித்தார்.

நாலாம் நாள் இருவரும் சேர்ந்து அவர் தோட்டத்துக்குள் நடந்தோம். தெற்குக் கோடியில், சுருண்ட இலையே இல்லாத இடத்தில், ஏழெட்டுச் செடிகளில் நடுக்குருத்து மட்டும் மஞ்சளடித்துக் காய்ந்து நின்றது. ஒரு செடியின் அடித்தண்டில் ஊசி நுழையும் அளவு துளை. துளையின் வாயில் ஈரமான மரத்தூள் மாதிரி கழிவு. கத்தியால் தண்டைப் பிளந்தேன். உள்ளே வெளிறிய இளஞ்சிவப்பில், உடம்பெல்லாம் சின்னச் சின்னக் கருமருக்களோடு ஒரு புழு நெளிந்தது. "இதுதான் தம்பி, நீ தேட வேண்டியது" என்றேன். இலைச் சுருளில் அடித்த மருந்து தண்டுக்குள் இருந்தவனை ஒன்றும் செய்யவில்லை. அவர் எதுவும் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

அந்தத் தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியைப் பார்த்தவர்கள் இந்தத் தாவியோடு அதைக் குழப்பவே முடியாது. அது சின்னது, இறக்கை விரித்தால் இரண்டரை சென்டிமீட்டர் தேறினால் பெரிது. நிறம் அரைத்த மஞ்சளில் துளி சுண்ணாம்பு பட்டது போன்ற வெளிர் ஆரஞ்சு மஞ்சள். அதன்மேல் பேனா மையைத் தெறித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். உணர்கொம்பு இரண்டும் வெறும் நூல். பழுப்பு, கறுப்பு, வெள்ளைத் திட்டு என்கிற பேச்சே அதில் கிடையாது. தங்கள் படத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்.கே.ஜி. குழந்தையும் பிரித்துவிடும்.

இனி தாவியின் அடையாளங்கள். சற்று நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் மேலே உள்ளதை வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

மூன்று வருடம் முன்பு, புரட்டாசியில், கிணற்று மோட்டார் அறையின் ஜன்னல் விளிம்பில் ஒன்று செத்துக் கிடந்தது. இறக்கை கிழியாமல், தூள் உதிராமல், அப்போதுதான் உயிர் போனது போல. அதை ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து எடுத்து வந்தேன். அப்பாவின் பெட்டியில் நூல் எண்ணும் மடிப்புக் கண்ணாடி ஒன்று இருக்கிறது. அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ணிப் பார்க்கிற பித்தளைக் கண்ணாடி. அதை வைத்துக்கொண்டு வரைபடத் தாளில் நாலு மடங்கு பெரிதாக்கி வரைந்தேன். ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் என் கண்ணில் பட்டது உடம்புதான். வண்ணத்துப்பூச்சி என்றால் எல்லோரும் அகன்ற இறக்கையையும் ஈர்க்குச்சி உடம்பையும் வரைவார்கள். தாவிக்கு அது செல்லாது. தலை பெரிது, மார்பு தடிமன், வயிறு உருண்டை. இறக்கையோ உடம்புக்குக் கொஞ்சம் பத்தாத அளவு. அதனால்தான் அது மிதந்து போவதில்லை, விசையோடு சுண்டிவிட்ட கோலிக்குண்டு மாதிரி பாய்கிறது. பழுப்பு நிறம், பருத்த உடம்பு, மேலே கொஞ்சம் மயிர். இந்த மூன்றையும் பார்த்துத்தான் தங்கள் பக்கத்தைத் தயாரித்தவர் அந்துப்பூச்சி என்று முடிவு கட்டியிருப்பார். அவரை மட்டும் குறை சொல்லி என்ன, ஒருகாலத்தில் படித்தவர்களே தாவிகளை மற்ற வண்ணத்துப்பூச்சிகளோடு சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

சந்தேகம் தீர்க்க ஓர் இடம் உண்டு: உணர்கொம்பின் நுனி. மற்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது தீக்குச்சித் தலை மாதிரி குண்டாக முடியும். அந்துப்பூச்சிகளுக்குப் பெரும்பாலும் நூலாகவோ இறகாகவோ இருக்கும். தாவிக்கு மட்டும் நுனி தடித்து, அதற்கு அப்பால் கூர்மையாகி, பின்பக்கமாக வளைந்துவிடும். முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தொரட்டியும் தலையில் ஒட்டி முளைக்காமல், ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி, கண்ணை ஒட்டியே முளைத்திருக்கும். தங்கள் படத்தில் வலப்பக்கத் தொரட்டி தெளிவாகவே இருக்கிறது. தயவுசெய்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

அடுத்தது இறக்கை. மேல்புறத்தின் தரை நிறம் கடுங்காப்பி. பர்ன்ட் அம்பரில் துளி கறுப்பு கலந்தால் வருகிறது. வெறும் கறுப்பை எடுத்தால் செத்துப்போகும், ஏனென்றால் இறக்கையின் அடிப்பக்கம் போகப்போக அந்தக் கருமைக்குள் செம்மண் சாயல் எட்டிப் பார்க்கிறது. முன் இறக்கையில் வெள்ளைப் புள்ளிகள் எட்டோ ஒன்பதோ. நடுவில் ஒன்று சதுரம் போலப் பெரிது. அதற்குக் கீழே வெளிப்பக்கமாக இன்னொன்று அதற்கு ஈடானது. பிறகு சிறுத்துக்கொண்டே போய், நுனிக்கு முன்னால் மூன்று பொட்டுகள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் கடைசிப் பொட்டு இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. எண்ணிக்கையில் சண்டை வேண்டாம். பின் இறக்கையில் புள்ளியே கிடையாது. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே வெள்ளைத் திட்டு. அந்தத் திட்டுதான் இதன் முகவரி. பத்தடி தூரத்தில், நிழலுக்குள், வேகமாகப் போகும்போதுகூட அது பளிச்சென்று தெரியும்.

வரையும்போது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. முன் இறக்கைப் புள்ளிக்கும் பின் இறக்கைத் திட்டுக்கும் ஒரே சைனீஸ் ஒயிட்டைப் பூசினேன். எவ்வளவு திருத்தியும் படம் பூச்சியைப் போல் இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் காரணம் பிடிபட்டது. அந்தத் தாவியைத் தங்கள் நாளிதழின் ஒரு பழைய தாளின்மேல் வைத்துக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டிருந்தேன். முன் இறக்கையின் பெரிய புள்ளி வழியாக, மங்கலாக, அச்செழுத்து ஒன்றின் கால் தெரிந்தது. பின் இறக்கைத் திட்டு வழியாக ஒன்றும் தெரியவில்லை. முன்னது ஓரளவு ஒளி புகும் ஜன்னல். பின்னது சுண்ணாம்பு அடித்த சுவர். வண்ணத்துப்பூச்சியின் நிறமெல்லாம் இறக்கைமேல் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கியிருக்கும் செதில்களில்தான் இருக்கிறது. விரலில் ஒட்டும் தூள் அதுதான். ஜன்னல் புள்ளிகளில் செதில் ஒளியை மறைக்கும்படி மூடுவதில்லை. பின் இறக்கைத் திட்டில் வெள்ளைச் செதில் நெருக்கமாக மூடியிருக்கிறது. அதன்பிறகு முன் இறக்கைப் புள்ளிகளில் வண்ணம் பூசாமல் தாளையே விட்டு, நீர்த்த சாம்பல் நிறத்தை ஓரத்தில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்தேன். திட்டுக்கு மட்டும் வெள்ளையைக் கெட்டியாக வைத்தேன். படம் எழுந்து உட்கார்ந்தது.

இறக்கையின் ஓரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் அப்பாவுக்குத் துரோகம். விளிம்பு முழுக்க மயிர் போன்ற குஞ்சம் இருக்கிறது. அது ஒரே நிறம் அல்ல. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் வெள்ளை, மறுபடியும் பழுப்பு, மறுபடியும் வெள்ளை என்று மாறி மாறி வருகிறது. எங்கள் ஊர் ஜமக்காளத்தின் கட்டம் மாதிரி என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஜமக்காளத்தில் பட்டை பட்டையாக நிறம் கத்தும், இது கத்துவதில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டால் ஓரம் லேசாக நரைத்த மாதிரி மட்டும் தெரியும். வயதான தாவிகளில் இந்தக் குஞ்சம்தான் முதலில் தேயும். பிறகு காப்பி நிறம் வெளிறி டீ நிறமாகும். ஆனால் திட்டு மட்டும் இறக்கை பாதி கிழிந்தாலும் நின்று அடையாளம் சொல்லும்.

உட்காரும்போது சில சமயம் இறக்கையைப் பாதி விரிக்கும். பெரும்பாலும் முதுகுக்குமேல் கூப்பி வைத்துக்கொள்ளும். அப்போது கீழ்ப்புறம்தான் நமக்குத் தெரியும். அங்கே வெண்மை மேல்புறத்தைவிட அதிக இடம் பிடித்துக்கொள்கிறது. சுற்றிலும் பழுப்பும், சாம்பல் பூத்த இடங்களுமாக ஒரு கலங்கல். தங்கள் படம் அப்படி இறக்கை கூப்பிய நிலையில் எடுத்தது. தெரிந்தவரே ஒரு நிமிடம் தயங்குவார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இவ்வளவு சொன்னபிறகு இதன் உறவுக்காரனையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து வாசகர் யாராவது எனக்கே திருத்தம் எழுதுவார். அங்கே ரெஸ்ட்ரிக்டட் டெமன் என்று ஒன்று, இஞ்சிக் குடும்பச் செடிகளிலேயே வளர்வது. அதுவும் கருமை, அதிலும் வெள்ளை. ஆனால் வெள்ளை இருப்பது முன் இறக்கையில், சாய்வான ஒரே பட்டையாக. பின் இறக்கை துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருக்கும். வெள்ளை முன்னாலா பின்னாலா என்று பார்த்தால் போதும். மற்றத் தாவிகள் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேடம். தென்னையில் வளரும் ஜயன்ட் ரெட்ஐ உள்ளங்கை அகலம், கண் இரண்டும் குங்குமச் சிவப்பு. அதன் புழு வெள்ளை மெழுகு நூலைப் போர்த்திக்கொண்டு பஞ்சு மிட்டாய் மாதிரி இலைக்குள் கிடக்கும். நெல் வயலில் பறக்கும் ரைஸ் ஸ்விஃப்ட் மங்கின பழுப்பு, பொட்டுகள் மட்டும். புங்க மரத்தைச் சுற்றும் பேண்டட் ஆல் பின் இறக்கையின் அடியில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்திருக்கும். கவனிக்காதவனுக்கு எல்லாம் "அது ஏதோ பழுப்புப் பூச்சி". அவ்வளவுதான்.

புழுவுக்கு வருகிறேன். மகளின் பெண், ஆறாம் வகுப்பு, விடுமுறைக்கு வந்தவள், ஒரு மஞ்சள் இலையைக் கொண்டு வந்து, "அப்புச்சி, இந்த இலையை யாரோ தைத்து வைத்திருக்கிறார்கள்" என்றாள். தையல்தான் அது. இலையின் ஓரத்தை உள்பக்கமாக மடித்து, வெள்ளை இழையால் இடைவெளி விட்டு இடைவெளி விட்டுப் பிடித்திருந்தது. ஒவ்வொரு பிடியும் ஒற்றை இழை அல்ல, பத்துப் பதினைந்து இழை சேர்ந்த முறுக்கு. இழை காயும்போது சுருங்கி, இலையைத் தானே இழுத்துக்கொள்கிறது. பிரித்தோம். உள்ளே வெளிர்பச்சைப் புழு. வழவழப்பு, மயிர் இல்லை, தோல் ஏறக்குறையக் கண்ணாடி. முதுகின் நடுவே கரும்பச்சைக் கோடு ஒன்று உள்ளிருந்து தெரிந்தது. தலை மட்டும் கறுப்பு, அதற்குப் பின்னால் கழுத்து ஒடுங்கியிருந்தது. பச்சைச் சட்டையின் காலர் பட்டனைப் போட்டுவிட்ட மாதிரி.

அகன்ற வாய் ஜாடியில் இலையோடு வைத்து, மேலே பழைய வேட்டித் துணி கட்டினோம். ஐந்தாறு நாளில் இலைக்குள்ளேயே கூட்டுப்புழுவானது. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குச் சற்று மேல். ஒரு நாள் காலை அவள் என்னை எழுப்பி ஜாடியைக் காட்டினாள். கூட்டுப்புழுவின் விலாப்பக்கம் இருண்டிருந்தது. அந்த இருட்டில் வெள்ளைப் பொட்டுகள், பெரியது இரண்டும் சிறியவையுமாக, அச்சடித்த மாதிரி தெரிந்தன. மடிந்த முன் இறக்கை தோலுக்கு அடியில் தெரிகிறது. "பெரிய வெள்ளைத் திட்டு எங்கே?" என்று கேட்டாள். பின் இறக்கை முன் இறக்கைக்கு அடியில் மறைந்திருக்கிறது, வெளியே வந்தால்தான் தெரியும் என்றேன். வெளியே வந்தபோது நான் தோட்டத்தில் இருந்தேன். அவள்தான் பார்த்தாள். எனக்கு இன்னும் அந்த மனத்தாங்கல் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. டெமன் என்றால் பூதம். மத்தியான நிழலில் செடிக்கடியில் கறுப்பாகப் பாய்வதைப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம். கிராஸ் என்றால் புல். இது வளர்வதோ மஞ்சளிலும் இஞ்சியிலும். இதற்கு முதலில் அறிவியல் பெயர் வைத்தவர் பீட்டர் கிராமர் என்கிற ஆம்ஸ்டர்டாம் துணி வியாபாரி, 1775-ல். அவர் செய்த ஒரு காரியம் ஓவியக்காரன் என்ற முறையில் எனக்குப் பிடிக்கும். சேகரிப்புகள் பூச்சி அரித்து வீணாகும் என்று, கெரிட் வார்ட்டெனார் லாம்பெர்ட்ஸ் என்ற ஓவியரை வைத்து ஒவ்வொன்றையும் வரைய வைத்தார். பிறகு எங்கள் மாகாணத்திலேயே, இந்தியத் தாவிகளைப் பற்றி அதுவரை வந்த வர்ணனைகளை எல்லாம் திரட்டி வாட்சன் என்ற ராணுவ அதிகாரி 1891-ல் மதராஸில் அச்சிட்டார். ஆக, நூற்று முப்பது வருடத்துக்கு முன்பே தாவியைத் தாவி என்று மதராஸில் அச்சுக்கோத்திருக்கிறார்கள். இன்று அதை அந்துப்பூச்சி என்று அச்சுக்கோக்கிறோம்.

2019-ல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது தாங்கள் முதல் பக்கத்தில் படம் போட்டீர்கள். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதே வருடம்தான் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மறவன் மலைக்காட்டில் இருப்பவன், அவனைப் பார்க்க நாங்கள் பஸ் ஏற வேண்டும். குறியீடு வாங்கிய மஞ்சளின் இலையிலேயே பிறந்து வளர்ந்து பறப்பது இந்தத் தாவி. இதற்குச் சொல்லிக்கொள்ளத் தமிழில் எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் இல்லை. புழுவுக்கு மட்டும் இலை சுருட்டுப்புழு என்று பெயர் உண்டு. பேத்தி இதை "வெள்ளைப் பை" என்கிறாள். பழுப்புச் சட்டையில் வெள்ளைத் துணியில் பை தைத்த மாதிரி இருக்கிறதாம். எனக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் தோன்றவில்லை.

இது மஞ்சளுக்குக் கெடுதல் செய்யாதா என்று பக்கத்துத் தோட்டக்காரர் என்னைக் கேட்டார். தங்கள் வாசகர்களும் கேட்பார்கள். செய்யும், கொஞ்சம். புழு இலையைத் தின்றுதான் வளர்கிறது, அதில் ஒளிவு மறைவு இல்லை. என் முக்கால் ஏக்கரில் மழைக்காலத்தில் சுருண்ட இலைகளை நடந்துகொண்டே கையால் பிரித்துவிடுகிறேன். புழுவை மைனா பார்த்துக்கொள்கிறது. இரண்டொரு சுருளை எனக்காக விட்டுவைக்கிறேன். இதனால் ஒரு வருடமும் கிழங்கு எடை குறைந்ததாக நான் கண்டதில்லை. தண்டைத் துளைப்பவன் கதை வேறு. நடுக்குருத்து காய்ந்ததா, அடித்தண்டில் துளையும் கழிவும் இருக்கிறதா என்று பார்த்து அந்தத் தண்டை வெட்டிப் புழுவோடு அழிப்பதுதான் முதல் வேலை. அவனைப் பற்றி எழுதும் பக்கத்தில் அவன் படத்தைப் போடுங்கள். மஞ்சள் நிறத்தில் கறுப்புப் புள்ளி, தேடினால் கிடைக்கும்.

தங்களிடம் கேட்பது இரண்டு. திருத்தம் போடுவதானால் உள்பக்க மூலையில், எழுத்துப்பிழைகளோடு சேர்த்துப் போடாமல், அதே வேளாண் பக்கத்தில், அதே படத்தோடு போடுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் அந்தப் பக்கத்தை மட்டும்தான் படிக்கிறார். இரண்டாவது, நான் வரைந்த படத்தின் நகல் ஒன்றை இந்த உறையில் இரண்டு அட்டைக்கு நடுவே வைத்திருக்கிறேன். மேல்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று, உணர்கொம்பின் நுனி தனியாகப் பெரிதாக்கியது ஒன்று. பயன்படுத்திக்கொள்ளுங்கள், சன்மானம் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: தங்கள் அலுவலகக் கணினியில் நிறத்தைத் தூக்கிவிட வேண்டாம். சென்ற முறை என் நவராத்திரிக் கோலத்தைப் போட்டபோது காவி ரோஸாகிவிட்டது. கடுங்காப்பி கடுங்காப்பியாகவே வர வேண்டும். முன் இறக்கைப் புள்ளிகளில் தெரிவது தாளின் வெண்மை, அதை அழுக்கு என்று நினைத்து யாரும் துடைத்துவிடக் கூடாது.

பெயரும் முகவரியும் உறையின் பின்புறம் இருக்கின்றன. அச்சில் வேண்டாம், பக்கத்துத் தோட்டக்காரர் வருத்தப்படுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
பவானி.